பலகையில் நான் எழுதிய ‘1’

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஒரு பேராசிரியை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு எப்படி இருக்குதுங்க சார்?”

உடம்பைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, “சுகர் நூத்தி நாப்பதுங்க. பிரஷர் நூத்தி முப்பதுக்கு எண்பது” என்றேன்.

அறையில் இருந்த நான்கு பேரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். “அதில்லீங்க. நடந்தத நெனச்சா உங்களுக்குள்ள எப்படி இருக்குது?”

எனக்கு வயது எழுபத்தொன்று. அதில் முப்பத்தெட்டு வருடம் பனியன் கம்பெனிகளில் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றவன். ஒரு டெய்லர் ஒரு தோள்பட்டையை மூட்ட எத்தனை விநாடி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் - இதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை... கேட்டிருந்தால் அந்த நேரத்தில் எத்தனை பீஸ் போயிருக்கும்!

என்ன நடந்தது, ஏன் அந்தக் கேள்வி? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கவுன்சலிங் துறை இருக்கிறது. கவுன்சலிங் செய்யும் இடம் அல்ல. கவுன்சலர்களைப் படிக்கவைத்து உருவாக்கும் இடம். அதன் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்காரர் ஒருவர் வேண்டுமாம். யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் என்னை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும்.

போனேன். மாடிப்படி நாற்பத்தாறு. ஆசிரியர்கள் நான்கு பேர். இரண்டு பேர் நிரந்தரம், இரண்டு பேர் வருட ஒப்பந்தம். மாணவர்கள் பதினோரு பேர். மேஜைக்கு ஒன்றாக டிஷ்யூ பேப்பர் பெட்டி ஐந்து. ஸ்டேப்ளர் ஒன்றே ஒன்று. அழுவதற்கு எல்லா ஏற்பாடும் இருந்தது. இரண்டு காகிதத்தைச் சேர்த்துப் பிடிக்கத்தான் வழியில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அங்கே எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் வராது. வெயிலில் ஏறிவந்த களைப்பில், “டீ கெடைக்குமுங்களா?” என்று கேட்டேன். ஒரு மாணவர், “டீ குடிச்சா நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தோணுதா சார்?” என்றார். ஆமாம் என்று சொன்ன பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்து சேர ஒன்பது நிமிடம்.

துறைத் தலைவர் கோமதி. கொமரலிங்கத்து விவசாயக் குடும்பம். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். மாணவர்கள் நிஜ மனிதர்களோடு உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். இத்தனை லட்சம் பேர் வேலை செய்கிற ஊரில், துறையைத் தேடி வருவது கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான். மெஷினில் உட்காருகிறவர்களிடம் எப்படிப் போவது?

“ஒரு கம்பெனிக்குள்ளயே நமக்கு ஒரு ரூம் கெடச்சாப் போதுங்க” என்றார்.

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி செந்தில், நாற்பது வயது. அவருடைய அப்பாவிடம் நான் பதினோரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் போய்க் கேட்டேன்.

“ரூம் குடுக்கறங்க சார். ஆனா எனக்கு அட்டப்பொட்டி வெக்கவே எடமில்லீங்க. தீபாவளி வரைக்கும் பாக்கலாம். ஆளு வந்தா இருக்கட்டும். வராட்டி பொட்டிய அடுக்கிக்கறனுங்க.”

செவ்வாய், வெள்ளி இரண்டு நாள். பொறுப்பு ஜெபராணிக்கு - ஒப்பந்த ஆசிரியர், முப்பத்தோரு வயது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அயர்ன் மாஸ்டராக இருந்தவர். அம்மா செக்கிங். கம்பெனி வாடையிலேயே வளர்ந்து, படித்து, டாக்டர் பட்டம் வாங்கியவர். இப்படி ஒரு கவுன்சலிங் மையத்தை நடத்தத்தான் துறை அவரை வைத்திருந்தது.

முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். “இது மூடிட்டுன்னா எனக்கு அடுத்த வருஷம் வேலை ஆர்டர் கெடையாது சார். இன்னொரு ஊரப் பாத்துப் போகணும். ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.”

சரி, ஆள் வந்தார்களா?

மூன்று வாரம். ஆறு நாள். வந்தவர்கள் பூஜ்யம்.

நான்கு ஆசிரியர்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கூச்சம், பயம், விழிப்புணர்வு இல்லை... நான் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒரு லைன் ஓரம் நின்றேன். அரை மணி நேரத்தில் விடை கிடைத்தது. ஒரு லைன் என்றால் இருபத்தெட்டு மெஷின். ஒருவர் தைத்துக் கொடுப்பதை அடுத்தவர் வாங்கித் தைக்க வேண்டும். பாடப்புத்தகப்படி ஒருவரோடு ஐம்பது நிமிடம் பேச வேண்டுமாம். ஐம்பது நிமிடம் ஒரு மெஷின் நின்றால், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லா மெஷினும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். எழுந்து போனவரை லைனே திட்டும். யார் எழுவார்கள்?

“எந்த மெஷின்லயும் உக்காரத் தெரிஞ்ச டெய்லர் ஒருத்தர அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் எக்ஸ்ட்ராவா குடுங்க” என்று செந்திலிடம் கேட்டேன். கொடுத்தார். ஐம்பதை இருபதாகக் குறைக்கச் சொன்னேன். கோமதி யோசித்தார், ஒத்துக்கொண்டார்.

நான்காவது வாரம் ஒருவர் வந்தார். ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர். வெள்ளிக்கிழமை காலை, லைன் நாலில் இருந்து ஒருவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கம்பெனிக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு லைன் முனையிலும் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இந்த மணி நேரத்துக்கு இலக்கு இவ்வளவு, முடித்தது இவ்வளவு. மணிக்கொரு முறை எழுதுவார்கள். பலகையில் ஏறுகிற எண்தான் வளரும் என்பது என் முப்பத்தெட்டு வருட நம்பிக்கை. ஒரு சின்னப் பலகை வாங்கிக்கொண்டு போனேன். அன்று ஜெபராணி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அறையில் இரண்டு மாணவர்கள்தான். கதவுக்கு வெளியே ஆணி அடித்து மாட்டினேன். என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

‘இன்று வந்தவர்கள்: லைன் 4 - 1.’

பெயர் எழுதவில்லை. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் லைன் நாலில் எக்ஸ்ட்ரா டெய்லர் எந்த மெஷினில் போய் உட்கார்ந்தார் என்று அந்த லைனில் தெரியாதவர் யார்? மீதி இருபத்தேழு பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? எதற்காக எழுந்தார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதை நான் எழுதி மாட்டிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைன் சூப்பர்வைசர் உரக்கக் கேட்டாராம். “ஏனப்பா, நம்ம லைன்ல யாருக்கோ மரை கழண்டுருச்சாமா? போர்டுல போட்டிருக்குது!” நாலைந்து பேர் சிரித்திருக்கிறார்கள்.

அந்த ஒருவர் அடுத்த மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. பிறகு வந்தார், தலையை நிமிர்த்தவில்லை. ஆணா பெண்ணா என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. லைன் எண்ணைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பத்தியை ஜெபராணி படித்து, மூன்று இடத்தில் அடித்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

ஆறாவது வாரம் பூஜ்யம். செவ்வாயும் பூஜ்யம், வெள்ளியும் பூஜ்யம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெபராணி பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவருக்கு அப்பா ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“என்ன காரியம் சார் செஞ்சிட்டிய...”

“நான் பேரு எழுதலியே, கண்ணு!”

“நீங்க எழுதல சார். ஆனா எல்லாரும் வாசிச்சிட்டாவ.”

அவர் புடவைத் தலைப்பாலேயே எழுத்தைத் துடைத்தார். மார்க்கர் மை; கறை போயிருக்காது.

இதற்குப் பிறகுதான் அந்தப் புதன்கிழமைக் கூட்டம்.

கம்பெனியில் ஒரு பீஸ் பழுதானால் முதல் கேள்வி ஒன்றுதான் - எவன் பண்ணினது? பண்டில் நம்பரை வைத்து லைனைப் பிடித்து, மெஷினைப் பிடித்து, ஆளைப் பிடித்துவிடுவோம். அதற்கென்றே நான் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருந்தேன். இங்கேயும் அதுதான் நடக்கும் என்று, ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கேதான் கோமதி கேட்டார், உங்களுக்கு எப்படி இருக்குதுங்க என்று.

இரண்டாவது முறை கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. ஐந்து பேர் இருக்கிற அறையில் நாற்பது விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா?

“பயமா இருக்குதுங்க” என்றேன். “அவங்க வேலைய விட்டே போயிட்டாங்கன்னா... நான் என்னங்க பண்றது?”

டிஷ்யூ பெட்டியை யாரோ என் பக்கம் நகர்த்தினார்கள். ஒன்றுதான் எடுத்தேன்.

துறையின் மூத்த ஆசிரியர் பாலகிருஷ்ணன் கண்டிப்பானவர். “வருத்தப்படறது சரிங்க. ஆனா ஒருத்தரோட ரகசியம் வெளிய போயிருக்குது. சென்டர இப்பவே நிறுத்தி, எழுத்துல ரிப்போர்ட் குடுத்தாகணும். நம்ம ஸ்டூடண்ட் பண்ணியிருந்தா விட்டிருப்பமா?”

“விட்டிருக்க மாட்டோம்ங்க” என்றார் கோமதி. “ஆனா ஸ்டூடண்டுக்கு முதல் மாசமே அந்த விதியச் சொல்லிக் குடுக்கறோம். சாருக்கு யாரு சொன்னோம்? ஃபைல் குடுத்தோம், சால்வை போட்டோம். ரிப்போர்ட் எழுதலாம். முதல் பேரு என்னோடதா இருக்கட்டும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். பழுதுக்குத் தன் பெயரைத் தானே முதலில் போடச் சொன்ன மேனேஜரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒருவர்கூட இல்லை.

“ரிப்போர்ட் எழுதுங்க மேடம். மூடணும்னா மூடிருங்க” என்றார் ஜெபராணி. அவர் வேலை போகிற விஷயம். குரலில் அது தெரியவில்லை. “ஆனா அவங்களுக்கு நாம என்ன செய்யப்போறோம்? மூடிட்டா, அந்த ரூமுக்குப் போன ஒரே ஆளு அவங்கதான்னு கம்பெனியில பேரு கடைசி வரைக்கும் நிக்கும்.”

“நான் போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுர்றேன்” என்றேன்.

“வேண்டவே வேண்டாம் சார்! நீங்க அந்த மெஷின் பக்கத்துல போயி நின்னாலே லைன் முழுக்க வேடிக்கை பாக்கும்.”

உண்மை. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எனக்கு வழி இல்லை.

அதுவரை கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான்காவது ஆசிரியர் சுரேஷ் தலையைத் தூக்கினார். “ஒருத்தர் எந்திரிச்சதாலதான தெரிஞ்சுது? எல்லாரும் எந்திரிச்சா?”

நான் பேனாவை எடுத்தேன். இருபத்தெட்டு பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நானூற்று இருபது நிமிடம்... ஏழு மணி நேரம்! ஒரு ஷிஃப்டுக்குள் ஒரு லைன் முடிந்துவிடும். எக்ஸ்ட்ரா டெய்லர் முதல் மெஷினில் தொடங்கி வரிசையாக உட்கார்ந்துகொண்டே போவார். யாரும் விட்டுப்போக மாட்டார்கள். உள்ளே போய்ப் பேசலாம். பேசாமல் கண்ணை மூடியும் உட்காரலாம். இன்னும் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை துறைக்கே வர ஒரு நேரம் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

“சூப்பர்வைசர், ஆபீஸ் ஸ்டாஃப், எல்லாரும் போகோணுங்க” என்றார் கோமதி. “மொதலாளியும். இல்லாட்டி இது லேபருக்கு மட்டும் வர்ற வியாதின்னு ஆயிரும்.”

பாலகிருஷ்ணன் நான் கணக்குப் போட்ட காகிதத்தை இழுத்துச் சரிபார்த்தார். “ரிப்போர்ட்டும் போகும். இதையும் செய்வோம். ஆனா ஒண்ணு - எண்ணக் கூடாது.” சொல்லிவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

அடுத்த செவ்வாய். செந்திலிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். முதலில் யார் போவது? நான்தான்.

லைன் நாலின் முனையில் இருந்து நடந்தேன். இருபத்தெட்டு மெஷினும் என்னைப் பார்த்தன. “பெருசு, உங்களுக்குமா?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு. “ஆமாங்க, எனக்கும்தான்” என்று அந்தப் பக்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அறைக்குள் ஒரு மாணவி, இருபத்திரண்டு வயது இருக்கும். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே பேசியது உள்ளேயே இருக்கட்டும்.

பிறகு லைன் எழுந்தது. ஜெபராணி என்னை கேன்டீன் பக்கம் அனுப்பிவிட்டார். “போயி டீ குடிங்க சார். இந்தப் பக்கம் திரும்பாதிய.” சுவரைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்தேன். எத்தனை என்று சொல்லலாம் - ஏழு. அது ரகசியம் இல்லை.

சூப்பர்வைசரும் போனார். உள்ளே எத்தனை நிமிடம் இருந்தார் என்ற வரியை ஜெபராணி அடித்துவிட்டார்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு செந்தில் கூப்பிட்டார். போனஸ் பரபரப்பு; தெற்கத்தி ஊர்களுக்குப் போகிறவர்கள் பையும் கையுமாக கேட்டில் நின்றிருந்தார்கள். அறைக்கு அவர் கொடுத்திருந்த கெடு முடிகிற நேரம். ஜெபராணி என்னோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“மொத்தம் எத்தன பேருங்க சார் ஒழுங்கா யூஸ் பண்ணிக்கிட்டாங்க?”

“எண்ணலீங்க.”

“நீங்களா?” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்கப்பா இருந்திருந்தா நம்பியே இருக்க மாட்டாருங்க.”

“எண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எண்ணினா வர மாட்டாங்க.”

“அப்பறம் எதை வெச்சு நான் முடிவு பண்றதுங்க?”

நியாயமான கேள்வி. நான் அந்த நாற்காலியில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். என்னிடம் எண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரம் வாங்கியவர்களின் நோட்டு ஜெபராணியிடம் இருந்தது, அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் தன் வேலை தங்கும் என்று தெரிந்தும் திறக்கவில்லை.

செந்தில் மேஜையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

“நானும் போனனுங்க. பதனஞ்சு நிமிசம். மூணு போனு வந்துது. எடுக்கல. கடைசியா எப்ப அப்படி உக்காந்தன்னு நெனவில்லீங்க.” “செரி... பொட்டிய மாடிப்படிக்குக் கீழ அடுக்கிக்கறங்க. அடுத்த தீபாவளி வரைக்கும் ரூம வெச்சுக்கங்க.”

வெளியே வந்ததும் ஜெபராணி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்றார். அவருக்கு இன்னொரு வருடத்துக்கு ஆர்டர் போட கோமதி அன்றைக்கே கோப்பு அனுப்பிவிட்டார்.

அந்த ஒருவர் மறுபடி வந்தாரா? எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. இத்தனை வயதில் ஒரு எண் தெரியாமல் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் எனக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்போல இருந்தது. தீபாவளி முடிந்ததும் ஜெபராணிக்குப் போன் செய்து, எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கொடு கண்ணு என்று கேட்டேன்.

“இந்த மாசம் எடமில்ல சார். அடுத்த மாசமும் ஏறக்குறைய முடிஞ்சிட்டு” என்றார்.

இப்படிக் கைவிரித்த ஒருவருக்கு நான் இரண்டு முறை நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.